இராணுவத்தின் தகவல் நடவடிக்கைகள் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க வைப்பது எப்படி? தோட்டப்புற மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் நகலெடுக்கும் கடை ஒன்றின் பின்பக்க மேசையில், வாரம் இரண்டு மாலை, தோட்டப்புற மக்களுக்கு மனுவும் கடிதமும் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு நாள் செம்பனைத் தோட்டத்து அக்கா ஒருவர் தம் கைப்பேசியை என் முன் வைத்தார். தமிழில் ஒரு சிறு காணொளி ஓடியது. எல்லையில் பதற்றம், வதந்தியை நம்ப வேண்டாம், படை உங்களைக் காக்கும் என்றது குரல். மூலையில் படைச் சின்னம் போல ஏதோ ஒன்று தெரிந்தது. அனுப்பியவர் பெயர் எங்கும் இல்லை. “தம்பி, இதை இராணுவம்தான் அனுப்பியதா? அப்படியென்றால் பெயர் போட ஏன் தயக்கம்?” என்று கேட்டார். அவருடைய மகன் படையில் இருக்கிறான்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. தற்காப்பு அமைச்சர் சொல்ல முடியும். அவர் பதில் சொல்லக் கடமைப்பட்ட இடம் நாடாளுமன்றம். அங்கே அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைச் செய்து பார்த்த பிறகு, மற்றவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்த பிறகு, இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். தடுமாறியவர்களில் பெரும்பாலோர் ஐந்தாம் படியிலிருந்து தொடங்கியவர்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் பார்த்த செய்தியின் மூலக் கோப்பு. அது எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தக் குழுவில் வந்தது என்ற குறிப்பு. உங்கள் வாக்காளர் தொகுதியின் பெயர். மலாய் மொழியில் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர். இந்த நான்கும் போதும்.

மூலக் கோப்பு ஏன் வேண்டும்? திரையைப் படம் பிடித்து, அந்தப் படத்தை இன்னொருவர் படம் பிடித்து, மூன்றாவது கைக்கு வரும்போது தேதியும் போய்விடும், ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற குறியும் போய்விடும். அந்தக் குறி ஒன்றே பெரிய சான்று. செய்தி உங்களுக்கு நேரடியாக வரவில்லை, பல கை மாறி வந்தது என்பதை அது சொல்கிறது. அக்காவின் கைப்பேசியில் அது இருந்தது. அதனால் ‘இராணுவம் அனுப்பியது’ என்று எழுத எங்களுக்கு உரிமை இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ‘இப்படி ஒன்று சுற்றுகிறது’ என்று மட்டுமே எழுத முடியும்.

1. முதலில் சட்டத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா வழிகாட்டிகளும் எச்சரிக்கையைக் கடைசியில் வைக்கின்றன. நான் முதலில் வைக்கிறேன். தெரியாமல் கையில் வாங்கிய ஒரு தாள் உங்களைச் சிறைக்கு அனுப்பலாம்.

1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்படி, நாட்டின் தற்காப்பு, பாதுகாப்பு, அனைத்துலக உறவு தொடர்பான ஆவணங்கள் இரகசியப் பட்டியலுக்குள் வருகின்றன. அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, இரகசியத்தை வெளியிட்டவருக்கு மட்டுமல்ல, அதைப் பெற்றுக்கொண்டவருக்கும் தண்டனை உண்டு. குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. ஓர் ஆவணம் இரகசியமானது என்று உரிய அதிகாரி சான்றிதழ் கொடுத்துவிட்டால், 16A பிரிவின்படி அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது.

ஆகவே ‘உள்ளே இருக்கும் என் தம்பி ஒரு தாள் எடுத்து வந்திருக்கிறான்’ என்று யாராவது வந்தால், அதைப் பார்க்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். இந்த வேலைக்கு இரகசியத் தாள் எதுவும் தேவையில்லை. இங்கே சொல்லும் ஒவ்வொரு படியையும் பொதுவில் கிடைக்கும் ஏடுகளை வைத்தே முடிக்கலாம்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. நாடாளுமன்றத்துக்குள் பேசியதற்காக உறுப்பினர் மீது பொதுவாக வழக்குத் தொடுக்க முடியாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 63ஆவது விதி சொல்கிறது. அந்தக் காப்பு அவருக்கு உரியது. அதே வாக்கியத்தைச் சமூக ஊடகத்தில் எழுதும் உங்களுக்கு அது குடை பிடிக்காது. கேள்வி அவைக்குப் போகும்வரை வெளியில் குற்றம் சாட்டி எழுதாதீர்கள்.

2. எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் ‘பிரச்சாரம்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அமைச்சு அதை எளிதாக மறுத்துவிடும். மூன்றாகப் பிரியுங்கள்.

மக்கள் தொடர்பு என்பது பெயர் போட்டு வருவது. ஆள் சேர்ப்பு அறிவிப்பு, வெள்ள உதவிச் செய்தி, அணிவகுப்புப் படம் எல்லாம் இதில் சேரும். வியூகத் தொடர்பு என்பது படையும் அரசாங்கமும் சொல்வதும் செய்வதும் ஒரே திசையில் இருக்கும்படி ஒருங்கிணைப்பது. தகவல் நடவடிக்கை என்பது, எதிரியின் அல்லது குறிப்பிட்ட ஒரு கூட்டத்தாரின் எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றுவதற்காகத் திட்டமிட்டுச் செய்வது. அதன் ஒரு கிளையான உளவியல் போருக்கு மலாயில் ‘பெராங் சாராஃப்’ என்று பெயர். பெயர் போடாமலும் அது வரலாம்.

மூன்றுக்கும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முதலாவதில் செலவைக் கேட்கலாம். இரண்டாவதில் யார் ஒருங்கிணைக்கிறார் என்று கேட்கலாம். மூன்றாவதில் கேட்க வேண்டியது ஒரே ஒரு எல்லைக்கோடு: சொந்த நாட்டு மக்களை நோக்கி இதைச் செய்யத் தடை எழுத்தில் இருக்கிறதா?

இந்த எல்லைக்கோடு வெறும் கற்பனை அச்சமில்லை. 2020ஆம் ஆண்டு கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில், ஓநாய்கள் விடப்பட்டிருக்கின்றன, எச்சரிக்கையாக இருங்கள் என்று மாநில அரசின் முத்திரையோடு ஒரு கடிதம் சுற்றியது. அது போலிக் கடிதம். படையினரின் தகவல் நடவடிக்கைப் பயிற்சிக்காகத் தயாரானது, பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டது. நம் பக்கத்தில் பிலிப்பீன்ஸ் இருக்கிறது. 2020, 2021 ஆண்டுகளில் அமெரிக்க இராணுவம் போலிக் கணக்குகள் வழியாகச் சீனத் தடுப்பூசியைப் பற்றி அந்நாட்டு மக்களிடம் ஐயத்தைப் பரப்பியதை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 ஜூனில் வெளியிட்டது. தடுப்பூசி போடலாமா என்று ஒரு தாய் தயங்கி நின்ற நேரத்தில் அந்தச் செய்திகள் போய்ச் சேர்ந்தன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அமெரிக்கச் சட்டத்தில், தற்காப்புத் துறையின் பணத்தைச் சட்டம் தனியாக அனுமதிக்காத எந்த உள்நாட்டுப் பிரச்சாரத்துக்கும் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்த மக்களுக்கு வேலி போட்ட நாடு, அயல் மக்களை அந்த வேலிக்கு வெளியே விட்டிருக்கிறது. நம் கேள்வியிலும் இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டும்.

3. சரியான கதவைத் தட்டுங்கள்

மிக அதிகமாக நடக்கும் பிழை இது. சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் பக்கத்தில் இருக்கிறது, முகம் தெரிந்தவர், ஆகவே கடிதம் அங்கே போகிறது. ஆனால் தற்காப்பு என்பது கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி கூட்டரசின் பொறுப்பு. பேரா மாநிலச் சட்டமன்றத்தில் அதைப் பற்றிக் கேட்க இடமில்லை. கடிதம் நாடாளுமன்ற உறுப்பினருக்குத்தான் போக வேண்டும். மேலவை உறுப்பினரும் கேட்கலாம். ஆனால் உங்கள் வாக்கு மக்களவை உறுப்பினரிடம்தான் இருக்கிறது.

அடுத்து, எந்த அமைச்சு? 2022 ஆகஸ்டில் மெட்டா நிறுவனம், மலேசியாவிலிருந்து உள்நாட்டு மக்களை நோக்கி இயங்கிய 596 முகநூல் கணக்குகளையும் 180 பக்கங்களையும் நீக்கியதாக அறிவித்து, அவை அரச மலேசியக் காவல் படையோடு தொடர்புடையவை என்றது. இது மெட்டாவின் கூற்று. எங்கள் மேசைக்கு வந்த ஒரு கடிதம் அதை ‘இராணுவத்தின் வேலை’ என்று எழுதியிருந்தது. காவல் படை உள்துறை அமைச்சின் கீழ் வருகிறது. அந்தக் கடிதம் அப்படியே போயிருந்தால், ‘இது எங்கள் அமைச்சின் கீழ் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு ஒரு கூட்டத்தொடரே வீணாகியிருக்கும்.

சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறதே, அங்கே விண்ணப்பிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அவை மாநில அரசின் ஏடுகளுக்கானவை. இராணுவ ஏடுகளை எட்டாது.

4. ஏற்கெனவே கேட்கப்பட்டதா, பணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

நாடாளுமன்றத்தின் அகப்பக்கத்தில் ஹன்சார்ட் என்னும் அவைக் குறிப்பேடு இலவசமாகக் கிடைக்கிறது. அது மலாயில் இருப்பதால் தமிழிலோ ஆங்கிலத்திலோ தேடினால் எதுவும் அகப்படாது. ‘பெராங் சாராஃப்’, ‘ஒப்பராசி மக்லுமாட்’ (தகவல் நடவடிக்கை), ‘கொமுனிகாசி ஸ்ட்ராதெகிக்’ (வியூகத் தொடர்பு) ஆகிய மலாய்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தட்டுங்கள். 2019 டிசம்பர் 2ஆம் தேதி மக்களவையில் தாக்கல் செய்யப்பட்ட தற்காப்பு வெள்ளை அறிக்கையையும் படியுங்கள். அமைச்சு தானே எழுதிய சொல்லை எடுத்துக் கேட்டால், ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்ல முடியாது. வெளியில் ஏற்கெனவே கிடைக்கும் விவரத்தைக் கேட்டால் கேள்வி அவை விதிப்படி தள்ளப்படும் என்பதும் இந்தத் தேடலுக்கு ஒரு காரணம்.

பிறகு பணம். ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்தோடு நிதி அமைச்சு கூட்டரசுச் செலவின மதிப்பீடு என்ற தடித்த நூலை வெளியிடுகிறது. தற்காப்பு அமைச்சின் பகுதி பி.60 என்ற எண்ணில் இருக்கும். உளவுத் துறையின் உள்விவரம் அதில் இருக்காது. ஆனால் திட்டங்களின் பெயரும் தொகையும் இருக்கும். தொடர்பு, தகவல், விளம்பரம் போன்ற சொற்கள் வரும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2021ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், ஜாசா என்று அறியப்பட்ட அரசுப் பரப்புரைத் துறைக்கு 85.5 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டிருந்தது. பெருந்தொற்றில் மக்கள் சோற்றுக்குத் திண்டாடிய நேரம் அது. உறுப்பினர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். 45 மில்லியன் குறைக்கப்பட்டு 40.5 மில்லியன் ஆனது. ஜாசா இராணுவத் துறை கிடையாது. ஆனால் வழி அதே வழிதான். செய்தியின் உள்ளடக்கத்தைப் பற்றி எவ்வளவு வாதாடினாலும் அது கருத்து வேறுபாடாகவே நிற்கும். தொகையைக் கேட்டால் எண் ஒன்று பதிலாக வந்தே ஆக வேண்டும்.

5. கேள்வியை எழுதுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். நாங்கள் ஒரு பக்கக் கேள்விக்கு மூன்று மாலை எடுத்துக்கொண்டோம்.

மக்களவைக் கூட்ட விதி 23, கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வாதம் கூடாது, ஊகம் கூடாது, பழி சுமத்தக்கூடாது, கேலி கூடாது, அமைச்சரின் கருத்தைக் கேட்கக்கூடாது, ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்’ என்ற கற்பனையும் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடக்கூடாது. இவற்றில் ஒன்று இருந்தாலும் சபாநாயகர் கேள்வியை நிராகரிக்கலாம்.

எங்கள் மேசைக்கு வந்த முதல் வரைவு இது: “இராணுவம் தமிழர்களிடம் பொய்ப் பிரச்சாரம் செய்வது ஏன்? அமைச்சர் வெட்கப்படவில்லையா?”

கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு வரியில் நான்கு பிழை. இராணுவம்தான் செய்தது என்பது ஊகம். பொய் என்பது பழி. ‘ஏன்’ என்பது கருத்தைக் கேட்கிறது. கடைசி வரி வசை. மலாயில் ‘ப்ரோபகண்டா’ என்று மாற்றும்போது கூர்மை இன்னும் கூடிவிடும். தமிழில் பிரச்சாரம் என்றால் தேர்தல் பிரச்சாரமும் அதுதான். மலாயில் அந்தச் சொல்லுக்குக் குற்றச்சாட்டின் வாடை உண்டு.

திருத்தி எழுதியது இப்படி ஆனது:

“தற்காப்பு அமைச்சர் தெரிவிக்க வேண்டியவை: (அ) வியூகத் தொடர்பு, தகவல் நடவடிக்கை ஆகியவற்றுக்குப் பொறுப்பான பிரிவுகள் எவை, அவை எந்தச் சட்டம் அல்லது உத்தரவின் கீழ் இயங்குகின்றன, (ஆ) கடந்த 3 ஆண்டுகளில் ஆண்டுவாரியாக அவற்றுக்கான ஒதுக்கீடும் செலவும், (இ) உள்நாட்டு மக்களுக்கும் அயல்நாட்டு மக்களுக்கும் அனுப்பும் செய்திகளில் அனுப்புநர் பெயரை வெளியிட வேண்டும் என்ற எழுத்து விதி உண்டா, (ஈ) இவற்றைப் பற்றிய அறிக்கை நாடாளுமன்றத்தின் எந்தக் குழுவுக்கு அளிக்கப்படுகிறது.”

நான்கு பிரிவிலும் இரகசியம் கேட்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த நடவடிக்கை, யாருக்கு எதிராக, எந்தக் கணக்கு வழியாக என்று எதுவும் இல்லை. அமைச்சர் (அ)வுக்குப் பதில் மறுத்தால், சட்டத்தின் பெயரையே மறைக்கிறார் என்று அவைக் குறிப்பில் பதிவாகும். (ஈ)தான் என் கண்ணில் மிக முக்கியமானது. ‘எந்தக் குழுவுக்கும் இல்லை’ என்பது பதிலானால், அடுத்த பத்து ஆண்டு வேலைக்கு அந்த ஒரு வரி போதும்.

காணொளியைப் பற்றி நேரடியாக ஒரு வரியும் சேர்க்கலாமா என்று அக்கா கேட்டார். சேர்க்க வேண்டாம் என்று சொன்னேன். அதைத் தனித்தாளில், தேதியோடு, பின்னிணைப்பாக வைத்தோம். கேள்வியில் வைத்தால், ‘அது எங்களுடையதில்லை’ என்ற ஒரே பதில் மற்ற நான்கையும் விழுங்கிவிடும்.

6. வாய்மொழிக் கேள்வியா, எழுத்துக் கேள்வியா?

வாய்மொழிக் கேள்வி தொலைக்காட்சியில் வரும் என்பதால் எல்லோரும் அதையே விரும்புகிறார்கள். கேள்வி நேரம் காலை 10 மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் போகும். பட்டியலில் பின்னால் இருக்கும் கேள்விகள் அன்று எட்டப்படாமல், எழுத்துப் பதிலாகவே முடிந்துவிடுகின்றன. உங்களுக்கு எண்களும் சட்டப் பெயர்களும் வேண்டும். ஆகவே முதலில் எழுத்துக் கேள்வியைக் கேளுங்கள். பதில் கைக்கு வந்தபின் அதிலிருந்து வாய்மொழிக் கேள்வியை எடுங்கள். அப்போது துணைக் கேள்விக்கு உறுப்பினரிடம் பிடிமானம் இருக்கும்.

மக்களவையில் 2016 முதல் இயங்கும் சிறப்பு அறையும் ஒரு வழி. அங்கே உறுப்பினர் ஒரு விவகாரத்தைச் சற்று விரிவாகப் பேசலாம். அமைச்சின் தரப்பு பதில் சொல்லும்.

7. கடிதத்தை ஒப்படையுங்கள்

ஒரே பக்கம். மேலே நீங்கள் யார், எந்தத் தோட்டம் அல்லது தாமான் (குடியிருப்பு), எந்த வாக்குச் சாவடி. நடுவில் கேள்வி மலாயில். கீழே ஏன் இது இத்தொகுதி மக்களுக்கு முக்கியம் என்று மூன்று வரி. தமிழ் மூலத்தைப் பின்னால் இணையுங்கள்.

அவை கூடியபின் போகாதீர்கள். கேள்விகளுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், ஓர் உறுப்பினர் கேட்கக்கூடிய எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஆண்டுக்குப் பெரும்பாலும் மூன்று கூட்டத்தொடர். தேதிகள் முன்பே வெளியாகும். அதற்கு ஒரு மாதம் முன்பு கொடுத்தால் உதவியாளர் படிக்க நேரம் இருக்கும்.

இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அக்காவின் பிரதியில் விழுந்த நீல முத்திரை கொஞ்சம் சாய்ந்து, எண் பாதி அழிந்திருந்தது. திரும்பிப் போய் மறுபடி குத்தி வாங்கிவந்தார். அவர் செய்தது சரி. ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது அந்த முத்திரைதான் பேசும்.

8. வந்த பதிலைப் படியுங்கள்

பதில் வந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. கேள்வியையும் பதிலையும் அருகருகே வைத்து, (அ) முதல் (ஈ) வரை ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் இருக்கிறதா என்று பென்சிலால் குறியுங்கள்.

நாட்டின் பாதுகாப்பு கருதி வெளியிட முடியாது என்பது ஒரு வகைப் பதில். எந்தப் பிரிவுக்கு அது சொல்லப்பட்டது என்று பாருங்கள். தொகைக்குச் சொன்னால் ஓரளவு ஏற்கலாம். சட்டத்தின் பெயருக்குச் சொன்னால் ஏற்க முடியாது. இன்னொரு வகை, மக்கள் தொடர்பைப் பற்றி மூன்று பத்தி எழுதி, தகவல் நடவடிக்கையைத் தொடாமல் விடுவது. இரண்டாம் படியில் பிரித்து வைத்திருந்தால்தான் இது கண்ணில் படும். விடுபட்ட பிரிவை மட்டும் தனியாக எடுத்து அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

9. குழுக்களிடம் எடுத்துச் செல்லுங்கள்

இரண்டு கூட்டத்தொடரில் பதில் வராத பிரிவு எஞ்சினால், அது குழுவுக்குப் போக வேண்டிய விஷயம். செலவு சம்பந்தப்பட்டால் பொதுக் கணக்குக் குழு. கொள்கை, அதிகார எல்லை என்றால் பாதுகாப்பு விவகாரத்துக்கான சிறப்புத் தேர்வுக் குழு. இரண்டாவது குழுவின் பெயர் ஒவ்வொரு நாடாளுமன்றத்திலும் மாறக்கூடும் என்பதால், எழுதுவதற்கு முன் அன்றைய பெயரைச் சரிபாருங்கள்.

குழுவுக்குப் பல் இல்லை என்று சொல்பவர்களுக்கு, கரையோரப் போர்க் கப்பல் விவகாரத்தைக் காட்டுவேன். 9.128 பில்லியன் ரிங்கிட் ஒப்பந்தத்தில் 6 பில்லியனுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பலும் வந்து சேரவில்லை என்று 2022 ஆகஸ்டில் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டது. அதே மாதத்தில், அதுவரை இரகசியமாக இருந்த விசாரணை அறிக்கையின் இரகசியத் தடை நீக்கப்பட்டது. மேலே சொன்ன அதே இரகசியச் சட்டத்தின் கீழ்தான் அதுவும் நடந்தது.

குழுவுக்கு அனுப்பும் மனுவில் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். நீங்கள் கேட்ட கேள்வி, வந்த பதில், பதில் இல்லாத பிரிவு, இரண்டு கூட்டத்தொடரின் தேதி, முத்திரை குத்திய பிரதி. இதே வரிசையில் அடுக்கி, நாடாளுமன்றச் செயலாளர் வழியாகக் குழுத் தலைவருக்கு அனுப்பி, ஒரு பிரதியை உங்கள் உறுப்பினருக்கும் கொடுங்கள்.

மூலக் கோப்பு இருக்கும் கைப்பேசியை அதுவரை மாற்றாதீர்கள். அக்கா தம்முடைய பழைய கைப்பேசியை, மின்னூட்டும் கம்பியோடு சேர்த்து, துணியில் சுற்றி என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாதம் ஒருமுறை மின்னூட்டி, அந்தக் காணொளி திறக்கிறதா என்று பார்த்து, தேதியைக் கோப்பில் எழுதி வைக்கிறேன்.